சதவீதத்தைக் குறைப்பதா, மூலத்தைக் குறித்துவைப்பதா? ஆய்வேடு எழுதுபவர் முன் இருக்கும் வழிகள்

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் காலாப்பட்டு வளாகத்து டீக்கடை ஆனாலும் சரி, லாஸ்பேட்டையில் தாகூர் கலைக்கல்லூரிப் பக்கம் ஆனாலும் சரி, கடலூர் தேவனாம்பட்டினத்தில் பெரியார் கல்லூரி வாசல் ஆனாலும் சரி, ஆய்வேடு முடிக்கும் கட்டத்தில் இருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: "உனக்கு எத்தனை பர்சன்ட் வந்துச்சு?" நம் எழுத்து ஏற்கெனவே வெளியானவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை அறிக்கையில் வரும் அந்த எண் பத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி, மேலே போனால் கலக்கம். கல்லூரி நூலகத்தில் இந்த அறிக்கைகளை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், அந்தக் கலக்கத்தை அடிக்கடி நேரில் பார்க்கிறேன். பயப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்தில் எடுக்கும் முடிவுகள் பல நேரம் மாணவரை இன்னும் ஆழமான சிக்கலில் கொண்டுபோய் விடுகின்றன.

முடிவு எடுக்க வேண்டிய விஷயம் இது: எழுத்துத் திருட்டு என்ற பேச்சே எழாமல் எழுத, உழைப்பையும் காசையும் எந்தக் கட்டத்தில் போடுவது? நம் பக்கத்தில் நடைமுறையில் இருப்பவை நான்கு வழிகள். முதல் வழி, முழுவதையும் எழுதிவிட்டுக் கடைசியில் மென்பொருளில் போட்டுப் பார்த்து, ஒத்துப்போவதாக நிறம் விழுந்த இடங்களைத் திருத்துவது. இரண்டாவது, அந்தத் திருத்தும் வேலையைக் காசு கொடுத்து வெளியே விடுவது, இல்லையென்றால் சொல் மாற்றும் செயலியிடமோ செயற்கை நுண்ணறிவிடமோ ஒப்படைப்பது. மூன்றாவது, படிக்கும்போதே நூல், பக்க எண்ணோடு நோட்டில் குறிப்பு எடுத்து, அதிலிருந்து எழுதுவது. நான்காவது, அதே வேலையை, மூலங்களின் விவரத்தைச் சேமித்து அடுக்கித் தரும் ஜோடெரோ, மெண்டலி போன்ற மென்பொருளின் துணையோடு செய்வது.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்றையும் நான்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் வழியைக் கடைசிச் சரிபார்ப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதன் பக்கமே போகாதீர்கள்.

விதி என்ன சொல்கிறது

பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் கொண்டுவந்த விதிமுறைகள்தான் நாடு முழுவதும் அடிப்படை. ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை போனால், திருத்திய ஏட்டை ஓராண்டுக்குக் கொடுக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு தெரியவந்தாலும் அந்தப் பட்டத்தை நிறுத்திவைக்க விதியில் இடம் இருக்கிறது. ஜெர்மனியில் கல்வி அமைச்சராக இருந்த அனெட் ஷாவான், 1980இல் கொடுத்த முனைவர் ஆய்வேட்டுக்காக 2013இல் பட்டத்தை இழந்தார், பதவியையும் விட்டு விலகினார். இடையில் 33 ஆண்டுகள் ஓடியிருந்தன. இங்கே இப்போது ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கும்படி ஏற்றப்படுகின்றன. நம் ஏட்டைப் படிக்கப்போவது இரண்டு தேர்வாளர்கள் மட்டும்தான் என்ற காலம் போய்விட்டது.

இந்த விதியில் பலர் படிக்காமல் தாண்டிவிடும் பகுதி ஒன்று உண்டு. மூலம் காட்டி எடுத்தாண்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், வழக்கமான சமன்பாடுகள் ஆகியவை ஒப்புமைக் கணக்கில் சேராது. எல்லோருக்கும் தெரிந்த செய்தியோ தற்செயலாக ஒத்துப்போகும் தொடரோ 14 சொற்கள் வரை தொடர்ச்சியாக வந்தாலும் விட்டுவிடலாம். ஆனால் ஆய்வின் உயிர்ப்பகுதியான ஆய்வுச் சுருக்கம், கருதுகோள், கண்டறிந்தவை, முடிவுகள், பரிந்துரைகள் ஆகியவற்றில் ஒப்புமையே இருக்கக் கூடாது என்கிறது அதே விதி. ஆக, அந்தப் பத்து சதவீதத்தை எந்த இயலில் வேண்டுமானாலும் செலவழித்துக்கொள்ளலாம் என்று யாரும் கொடுத்துவிடவில்லை.

எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு ஏடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, மீனவப் பெண்களின் கடன் சுமை பற்றியது, அறிக்கை 31 சதவீதம் காட்டுகிறது. திறந்து பார்த்தால், துணைநூற்பட்டியலை விலக்காமலே ஓட்டியிருக்கிறார்கள். பின்னிணைப்பில் அனுமதி பெற்றுப் பயன்படுத்திய வினாப்பட்டியல் அப்படியே நிறம் விழுந்து கிடக்கிறது. அரசுத் திட்டங்களின் நீண்ட பெயர்கள் வேறு. இவற்றை விலக்கி ஓட்டினால் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடுகிறது. இன்னொரு ஏட்டில் முதலிலேயே 8 சதவீதம்தான். ஆனால் அந்த எட்டும் ஒரே கட்டுரையிலிருந்து, முடிவுரை இயலில், மூலத்தின் பெயரே சொல்லாமல் வந்தது. முதல் ஏட்டில் குற்றம் எதுவும் இல்லை. இரண்டாவது ஏடு திருட்டு. ஒப்புமை பார்க்கும் மென்பொருளைத் தரும் டர்னிட்டின் நிறுவனமே ஒப்புமை எண் வேறு, திருட்டு வேறு, படித்துப் பார்த்து மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்கிறது.

எழுதி முடித்துவிட்டுத் திருத்துவது

இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. எழுத்து தடைபடாமல் ஓடும். நெறியாளர் கேட்கும்போது காட்ட ஒரு இயல் கையில் இருக்கும். சிக்கல் பின்னால் வருகிறது. செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவன நூலகத்துக்கோ ரோமன் ரோலன்ட் நூலகத்துக்கோ போகிறோம். கடலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், நேரம் இல்லை. வேண்டிய பக்கங்களை மட்டும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறோம். நூலின் தலைப்புப் பக்கத்தை எடுக்கத் தோன்றுவதில்லை. வீட்டில் அந்தப் பத்திகளைத் தட்டச்சு செய்து ஒரு வேர்ட் கோப்பில் சேர்த்து வைக்கிறோம். நடுநடுவே நமக்குத் தோன்றியதையும் அதே கோப்பில், அதே எழுத்துருவில் எழுதுகிறோம். சில மாதம் போனதும் எந்த வாக்கியம் நம்முடையது, எது அந்த நூலினுடையது என்பது எழுதியவருக்கே தெரியாது. நான் பார்த்தவரை, ஆய்வேடுகளில் நுழையும் திருட்டில் பெரும்பங்கு இப்படித்தான் நுழைகிறது. யாரும் திருட வேண்டும் என்று உட்காருவதில்லை.

கடைசியில் மென்பொருள் பிடித்துக்கொடுத்துவிடும் என்று நம்பவும் முடியாது, குறிப்பாகத் தமிழில். பழைய தமிழ் நூல்களில் ஏராளமானவை இணையத்தில் இல்லை. இருப்பவற்றிலும் பல, பக்கங்களைப் படமாக வருடி ஏற்றியவை. அவற்றில் மென்பொருள் படிக்கக்கூடிய எழுத்தே இருக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஏட்டை அப்படியே கொடுத்தால், மென்பொருளின் கண்ணுக்கு அது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியல். ஒருங்குறியில் (யூனிகோடில்) இருக்கும் எந்தத் தமிழ்க் கட்டுரையோடும் அது பொருந்தாது. அறிக்கை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும், மாணவர் மகிழ்ந்து போவார். ஆனால் தமிழ்த் துறையில் புறத்தேர்வாளராக வருபவர் பெரும்பாலும் அதே பொருளில் பல ஆண்டு வாசித்தவர். மென்பொருள் தவறவிட்ட பத்தி எந்த நூலில் எந்த இயலில் வருகிறது என்று வாய்மொழித் தேர்வில் அவர் கேட்பார்.

14 சொல் கணக்கிலும் தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதை ஒரு பத்தியை வைத்தே பார்த்துவிடலாம். எடுத்துக்காட்டுக்காக நானே எழுதிய பத்தி இது. ஒரு கட்டுரையில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"2011 டிசம்பர் 30 காலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்து முந்திரி, பலாத் தோப்புகளை வேரோடு சாய்த்தது. மரப்பயிர் மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், இழப்பீட்டுத் தொகை உழவரின் உண்மையான இழப்பை ஈடுசெய்யவில்லை."

இரண்டாவது வாக்கியத்தை எண்ணிப் பாருங்கள், 13 சொற்கள். அதை ஒரு எழுத்து மாறாமல் தூக்கி வைத்தாலும், 14 சொல்லுக்குக் குறைந்த ஒப்புமையை விலக்கும்படி அமைத்த மென்பொருள் கண்டுகொள்ளாது. ஒரு சொல்லிலேயே வேற்றுமை, காலம், எதிர்மறை எல்லாம் ஏறிக்கொள்ளும் மொழி நம்முடையது. ஒரு முழு வாதத்தையே 13 சொல்லில் சொல்லி முடித்துவிடலாம். விதி விட்டுவிடச் சொல்வது பொதுச் செய்தியையும் தற்செயல் தொடரையும்தான். இந்த வாக்கியம் ஒருவர் யோசித்து எட்டிய வாதம், அதனால் சலுகை இதற்குப் பொருந்தாது.

இப்போது இதை ஒரு மாணவர் "தன் நடையில்" மாற்றுகிறார்: "டிசம்பர் மாதம் 30ஆம் நாள் கடலூர், புதுச்சேரிக்கு நடுவே கரை கடந்த தானே சூறாவளி, பண்ருட்டிப் பகுதியின் பலா, முந்திரி மரங்களை அடியோடு வீழ்த்தியது. மரங்கள் திரும்பப் பலன் தரப் பல வருடம் பிடிக்கும் ஆகையால், நிவாரணப் பணம் விவசாயிகளின் மெய்யான நட்டத்தை நிறைவு செய்யவில்லை." அறிக்கையில் ஒரு நிறமும் விழாது. ஆனாலும் இது திருட்டு. செய்திகள் வரும் வரிசையும் "ஆகும் என்பதால்" என்று காரணத்தையும் விளைவையும் இணைத்த யோசனையும் அப்படியே மூல ஆசிரியருடையவை. மாறியது சொற்கள் மட்டும்.

இதே பத்தியில் மூலம் காட்டத் தேவையில்லாத செய்தியும் இருக்கிறது. தானே புயல் எந்த நாளில், எந்த இடத்தில் கரையைக் கடந்தது என்பது பொது அறிவு. அதற்கு அடிக்குறிப்பு போட வேண்டியதில்லை. இந்த வேறுபாடு பிடிபடாததால், ஊரறிந்த தேதிக்கெல்லாம் அடிக்குறிப்பு போட்டுவிட்டு, ஒருவருடைய வாதத்தை மட்டும் பெயரில்லாமல் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நேர்மையாக எடுத்தாள்வது இப்படி இருக்கும்: "தானே புயல் இழப்பீட்டின் குறையை மரப்பயிரின் காலக்கணக்கிலிருந்து விளக்குகிறார் (ஆசிரியர் பெயர், ஆண்டு, ப. 42). தோப்பு மறுபடி காய்ப்புக்கு வரும்வரை உள்ள ஆண்டுகளை அந்தத் தொகை ஈடுகட்டவில்லை என்பது அவர் வாதம். என் களஆய்வில் பேசியவர்கள், அந்த ஆண்டுகளில் வாங்கிய கடனையும் இதோடு சேர்த்துச் சொன்னார்கள்." இங்கே யார் சொன்னது எது என்பது தெளிவாக இருக்கிறது. கடைசி வாக்கியம் ஆய்வாளர் தானே கொண்டுவந்தது. மூலத்தை ஒழுங்காகக் காட்டினால்தான் நம் பங்கு வாசிப்பவர் கண்ணில் படும் என்பதைப் பல மாணவர்கள் உணர்வதில்லை. அடிக்குறிப்பு அதிகமானால் தனக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கமே வேண்டாம்.

காசு கொடுத்துக் குறைப்பது, செயலியிடம் கொடுப்பது

"பத்துக்குள்ள கொண்டுவந்து தர்றோம் சார்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வராத ஆய்வு மாணவர் இன்று குறைவு. உள்ளே நடக்கும் வேலை என்ன? கொஞ்சம் கெட்டிக்காரர் கையில் சிக்கினால் மேலே பார்த்த சொல் மாற்றம் நடக்கும். இல்லையென்றால் இன்னும் மோசமான வேலைகள்: ஆங்கில எழுத்துக்குப் பதில் அதே உருவமுள்ள வேற்றுமொழி எழுத்தை நுழைப்பது, சொற்களுக்கு நடுவே வெள்ளை நிறத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தைப் புகுத்துவது, பத்தியைப் படமாக்கி ஒட்டுவது. காய்ச்சல் வந்தவரின் தெர்மாமீட்டரைக் குளிர்ந்த தண்ணீரில் வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. டர்னிட்டின் போன்ற கருவிகள் மறைத்த எழுத்தையும் மாற்றிய எழுத்தையும் இப்போது தனியாகச் சுட்டிக்காட்டுகின்றன. மேற்கோள் குறி விட்டுப்போனால் கவனக்குறைவு என்று விளக்கலாம். வெள்ளை எழுத்தை ஒளித்துவைத்ததற்கு எந்தக் குழுவிடமும் விளக்கம் சொல்ல முடியாது. கவனக்குறைவாக இருந்ததைத் திட்டமிட்ட மோசடியாக மாற்ற நாமே காசு கொடுக்கிறோம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

சொல் மாற்றும் செயலிகள் வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் அவரோடு சேர்ந்து ஆய்ந்தவர்களும் 2021இல், அச்சான ஆய்வுக் கட்டுரைகளில் இருந்த வினோதமான தொடர்களைத் திரட்டிக் காட்டினார்கள். செயற்கை நுண்ணறிவு என்று இருக்க வேண்டிய இடத்தில் போலி உணர்வு, மார்பகப் புற்றுநோய் என்று இருக்க வேண்டிய இடத்தில் நெஞ்சு ஆபத்து என்கிற ரீதியில் ஆங்கிலத் தொடர்கள். செயலி அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றியதன் விளைவு. கலைச்சொல் தெரிந்த ஒருவர் ஒரு பக்கம் படித்தால் போதும், எப்படி எழுதியது என்று தெரிந்துவிடும்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் எழுதச் சொன்னால் இன்னொரு ஆபத்து சேர்ந்துகொள்கிறது. இல்லாத நூலை, இல்லாத கட்டுரையை, பக்க எண் வரை சேர்த்துச் சொல்லும். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது தந்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். ஆய்வேட்டில் இல்லாத நூல் ஒன்று பட்டியலில் இருந்தால், மற்ற எல்லாக் குறிப்புகள் மீதும் சந்தேகம் விழும். மறுபக்கம், இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் முழு நம்பிக்கைக்கு உரியவை அல்ல. டர்னிட்டின் 2023 ஏப்ரலில் அப்படி ஒரு வசதியைத் தொடங்கியது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தானே வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. நேர்மையாக எழுதியவர் மீதும் தவறாகக் கைகாட்டப்படலாம் என்பது இதன் பொருள். அப்போது கையில் இருக்க வேண்டிய சான்று, எடுத்த குறிப்புகளும் தேதி வாரியான வரைவுகளும்தான். இரண்டாவது வழியில் போனவரிடம் அவை இருக்காது.

நோட்டும் மென்பொருளும்

நோட்டு முறை பழையது என்று ஒதுக்க வேண்டாம். இரண்டு ஒழுங்கு இருந்தால் போதும். நூலைத் திறந்ததும், குறிப்பு எடுக்கும் முன், தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும், அல்லது படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர், பதிப்பகம், ஊர், எத்தனையாவது பதிப்பு, எந்த ஆண்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். தமிழ் நூல்களில் மறுபதிப்பில் பக்க எண் மாறிவிடுவது சாதாரணம், அதனால் பதிப்பைக் குறிக்காத பக்க எண்ணால் பயனில்லை. அப்புறம், நோட்டை விரித்தால் இடது பக்கம் நூலாசிரியரின் சொற்கள், மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு. வலது பக்கம் நம் சொற்கள். வலது பக்கத்தை எழுதும்போது நூலை மூடி வைத்துவிட வேண்டும். மூடி வைத்து எழுத முடியவில்லை என்றால், இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், மறுபடி படிக்க வேண்டும். மூலத்தின் வாக்கிய அமைப்பு கையோடு ஒட்டிக்கொண்டு வராமல் இருக்க இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியாது.

நோட்டின் குறை, முந்நூறு மூலங்கள் ஆனதும் தேட முடியாது, துணைநூற்பட்டியலை மறுபடி கையால் தட்டச்சு செய்ய வேண்டும். அங்கேதான் மென்பொருள் கை கொடுக்கிறது. ஜோடெரோ முற்றிலும் இலவசம், திறமூல மென்பொருள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் தொடங்கியது. மெண்டலியும் இலவசம்தான், ஆனால் 2013இலிருந்து எல்செவியர் நிறுவனத்தின் சொத்து. இணையச் சேமிப்பில் மெண்டலி 2 ஜிபி தருகிறது, ஜோடெரோ 300 எம்பிதான் இலவசமாகத் தருகிறது. கோப்புகளைக் கணினியிலேயே வைத்துக்கொள்பவருக்கு அது பெரிய குறை இல்லை. வேர்ட், லிப்ரே ஆபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் ஜோடெரோ வேலை செய்கிறது. இதே வேலைக்கான எண்ட்நோட் காசு கொடுத்து வாங்குவது, பல்கலைக்கழகமே வாங்கித் தந்தால் ஒழிய நமக்குத் தேவையில்லை.

தமிழில் எழுதுபவருக்கு நான் ஜோடெரோவைச் சொல்வதற்கு ஒரு காரணம் பெயர் விஷயம். மு. வரதராசன் என்ற பெயரை முன்பெயர், குடும்பப்பெயர் என்று பிரித்து உள்ளிட்டால், பட்டியலில் "வரதராசன், மு." என்று திருப்பிப் போட்டுவிடும். தமிழ்த் துறைகளில் பலர் தலைப்பெழுத்து முன்னால் வரும் முறையையே கேட்கிறார்கள். ஜோடெரோவில் பெயரை ஒரே கட்டமாக மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது, பெயர் எழுதியபடியே வரும். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஆங்கிலக் கட்டுரைகளுக்கு உலாவியில் ஒரு சொடுக்கில் எல்லா விவரமும் வந்துவிடும், தமிழ் நூல்களுக்குப் பெரும்பாலும் வராது. நாமே உள்ளிட வேண்டும். உள்ளிடும் நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள், துணைநூற்பட்டியல் அந்த நேரத்தில்தான் உருவாகிறது.

மென்பொருளும் ஒன்றைச் செய்யாது. எந்த வாக்கியம் யாருடையது என்று அது கண்டுபிடிக்காது. மூலத்தின் விவரத்தை அழகாக அடுக்கித் தரும், அவ்வளவுதான். அதனால்தான் நோட்டையும் சேர்த்துச் சொல்கிறேன். நோட்டு என்றால் காகிதம்தான் என்று இல்லை, ஜோடெரோவிலேயே ஒவ்வொரு நூலுக்கும் கீழே குறிப்பு எழுதலாம், இடது பக்கம், வலது பக்கம் என்ற ஒழுங்கை அங்கே வேறு விதமாக வைத்துக்கொள்ளலாம்.

மொழி மாறினாலும் மூலம் மூலம்தான்

புதுச்சேரி வரலாற்றில் ஆய்வு செய்பவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருப்பதைத் தமிழாக்கி எழுதினால் ஒப்புமைக் கருவிகள் அநேகமாகப் பிடிப்பதில்லை. பிடிக்காததால் அது சொந்த எழுத்தாகிவிடாது. தமிழாக்கம் ஆய்வாளருடையது என்று குறித்து மூலத்தைக் காட்ட வேண்டும்.

18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பதிந்துவைத்த ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. பிள்ளை எழுதியது தமிழில். சென்னை அரசு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது. ஆங்கிலத்தைப் படித்து, அதைத் திரும்பத் தமிழாக்கி, மேற்கோள் குறிக்குள் பிள்ளையின் சொற்களாகக் கொடுத்தால், அவர் எழுதாத வாக்கியத்தை அவர் பெயரில் ஏற்றுகிறோம். தமிழ் மூலமும் அச்சில் வந்திருக்கிறது, அதைத் தேடி எடுக்க வேண்டும். முடியாவிட்டால் மேற்கோள் குறியை எடுத்துவிட்டு, ஆங்கிலத் தொகுதி எண், பக்கத்தோடு செய்தியை மட்டும் சொல்ல வேண்டும்.

அரிக்கமேடும் அப்படித்தான். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார், அறிக்கை 1946இல் வந்தது. அந்த அறிக்கையைக் கண்ணால் பார்க்காமல், பிற்கால வரலாற்று நூல் ஒன்றில் படித்துவிட்டு, "வீலர், 1946" என்று நேராகப் போடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. வீலர் சொன்னதாக இன்னார் தரும் செய்தி என்று எழுதுவதில் எந்த இழிவும் இல்லை. இடையில் இருக்கும் நூலில் பிழை இருந்தால் அந்தப் பிழை நம் தலையில் விழாமலும் இருக்கும்.

சொந்த எழுத்தை மறுபடி பயன்படுத்துவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆய்வேட்டிலிருந்து எடுத்துக் கட்டுரையாக்கி வெளியிட்டிருந்தால், ஆய்வேட்டில் அந்த இயலின் தொடக்கத்திலேயே எந்த இதழில், எந்த ஆண்டு வந்தது என்று குறிப்பிடுங்கள். மானியக் குழு 2020இல் இதற்காகவே தனி அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது.

சரிபார்க்க எந்தக் கருவி, யாருக்கு எந்த வழி

பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் கருவியில் மட்டும் பாருங்கள். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் 2019இல் ஷோத்சுத்தி என்ற திட்டத்தைத் தொடங்கி, பல்கலைக்கழகங்களுக்கு இப்படிப்பட்ட கருவியைத் தருகிறது. முதலில் அர்குண்ட், பிறகு டிரில்பிட். நெறியாளர் வழியாகவோ நூலகம் வழியாகவோ இதை அணுகலாம். இணையத்தில் இலவசம் என்று கிடைப்பவற்றில் முழு இயலைப் பதிவேற்றாதீர்கள். அந்த எழுத்து எங்கே சேமிக்கப்படுகிறது என்று நமக்குத் தெரியாது. பின்னால் நம் ஏடே நம் ஏட்டோடு ஒத்துப்போவதாக அறிக்கை வரும் சங்கடமும் உண்டு. சரிபார்ப்புக்காக மட்டும் ஓட்டும்போது, தரவகத்தில் சேமிக்க வேண்டாம் என்ற தெரிவு அந்தக் கருவியில் இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். பாமினியில் இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே கொடுங்கள். சான்றிதழ்த் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல், நிறமிட்ட முழு அறிக்கையையும் கேட்டு வாங்கி உட்கார்ந்து படியுங்கள்.

முதுகலை மாணவர் ஒரே பருவத்தில் ப்ராஜெக்ட் முடிக்க வேண்டும் என்றால், மென்பொருள் கற்பதில் நேரம் செலவிட வேண்டாம். நாற்பது மூலங்களுக்குள் இருக்கும், நோட்டு முறையே போதும். முனைவர் பட்டத்துக்கு இப்போதுதான் பதிவு செய்தவர் முதல் வாரத்திலேயே ஜோடெரோவை நிறுவிக்கொள்ள வேண்டும். பள்ளியிலோ கல்லூரியிலோ வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவர்களுக்கு நோட்டும் மென்பொருளும் இரண்டும் அவசியம். இரண்டு அமர்வுகளுக்கு நடுவே அவர்களுக்கு மாதக்கணக்கில் இடைவெளி விழும், நினைவை நம்பி எழுத முடியாது.

சமர்ப்பிக்க மூன்று மாதம்தான் இருக்கிறது, எல்லாம் ஒரே வேர்ட் கோப்பில் கலந்து கிடக்கிறது என்பவர்கள் வெளியே கொடுத்துவிடலாமா என்று யோசிக்கும் நேரம் இதுதான். கொடுக்காதீர்கள். முடிவுரையையும் ஆய்வுச் சுருக்கத்தையும் முதலில் எடுத்து, கோப்பை மூடிவிட்டு, உங்கள் தரவுகளை மட்டும் முன்னால் வைத்துப் புதிதாக எழுதுங்கள். அளவில் சிறிய பகுதிகள்தான், நாள் கணக்கில் முடியும். அடுத்து முன்னாய்வுகள் பற்றிய இயல். அங்கே ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் மூலத்தின் பெயரையும் பக்கத்தையும் எழுதிக்கொண்டே வாருங்கள். எழுத முடியாத பத்திகளை மஞ்சளில் குறியுங்கள். மஞ்சள் பத்திகளுக்கு இரண்டு வாரம் கொடுத்து, பழைய படங்களையும் நூலகப் பதிவையும் வைத்து மூலத்தைத் தேடுங்கள். கிடைத்தால் அடிக்குறிப்பு போடுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். பத்துப் பக்கம் குறைந்த ஏட்டைத் தேர்வாளர் தாராளமாக ஏற்றுக்கொள்வார்.